ஆயில்யம் காட்டிய லேப்டாப்

நாளைக்குக் காலையில எட்டு மணிக்குள்ள அந்தம்மா கையெழுத்துப் போடணும்ண்ணே. போடலைன்னா ஆபரேஷன் கிடையாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். நெஞ்சுல மூணு அடைப்பு. அந்தம்மா போட மாட்டேங்குது. பேனாவைக் குடுத்தா வாங்கித் தலையணைக்கு அடியில வச்சுக்கிருதாம். ஏன்னு கேட்டா, "வரப்போற மருமகளுக்கு ஆயில்யம், மாமியா இருக்கக்கூடாது"ங்குதாம்.

அந்த மருமக எங்க அக்கா. நாகஜோதி. வைகாசியிலதான் கல்யாணம், இன்னும் மருமக ஆகலை. எங்க அக்காவுக்கு ஆயில்யமும் இல்லை. மகம். பிறந்ததுல இருந்து மகம். நடுவுல பதினேழு நாள் மட்டும் ஆயில்யமா இருந்தா. அந்தப் பதினேழு நாளைக்குக் காரணம், இந்தா என் மடியில இருக்கே, இந்த லேப்டாப். லேப்டாப்புக்குக் காரணம் நான்.

பார்த்துண்ணே, பஸ் குலுங்கையில முழங்கையால அமுக்காதீங்க. மூடி கீல் உடைஞ்சிருக்கு. அந்தப் பக்கம் வேணா சாஞ்சுக்கங்க.

நான் எதையும் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். எங்க வீட்டுல கேளுங்க, "முனீஸ் வாயில பொய் வராது, மரியாதையும் வராது"ன்னு சொல்வாங்க. பதினொண்ணாவதோட பள்ளிக்கூடத்துல இருந்து நின்னுட்டேன். ஃபெயிலெல்லாம் இல்லை. உட்கார முடியலை, நின்னுட்டேன். ரெண்டு வருஷமா அருப்புக்கோட்டையில ரபீக் பாய் கடையில லேப்டாப் சர்வீஸ். பாய்க்கு ஸ்க்ரூ கழட்டத் தெரியும். உள்ள இருக்கிறதெல்லாம் நான்தான் பார்ப்பேன்.

பங்குனி மாசம் ஜோசியர் திருமேனி ஐயா வந்தார். எங்க ஊர்ப்பக்கம் பாதிப் பேருக்கு அவர்தான் ஜாதகம். எங்க அக்காவுக்குப் பொருத்தம் பார்த்ததும் அவர்தான். கண்ணுல புரை. பஞ்சாங்கத்துப் பொடி எழுத்தை இப்ப வாசிக்க முடியாது, அதனால எல்லாமே லேப்டாப்தான். அவர் மகன் பிளஸ் டூ படிக்கையில பள்ளிக்கூடத்துல சும்மா குடுத்தது. துண்டுல சுத்தி, குழந்தையைக் கொண்டாந்த மாதிரி கொண்டாந்து பாய் மேசையில படுக்க வச்சார்.

"தம்பி, இது திறக்கிறதுக்குள்ள வந்தவங்களுக்கு நல்ல நேரம் முடிஞ்சு ராகுகாலம் பிறந்துருது."

போட்டுப் பார்த்தேன். பழைய விண்டோஸ். வைரஸ் ஒரு பக்கம், தூசி ஒரு பக்கம். புது விண்டோஸ் ஏத்தினா அந்த மெஷின் மூச்சு முட்டிப் போயிரும். லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு, காசு கிடையாது, கிழட்டு மெஷின்லயும் ஓடும்னு சொன்னேன். அவருக்கு ஒண்ணுமே புரியலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அதுல என் ஜாதக சாஃப்ட்வேர் ஓடுமா?"

"ஓடாது. வேற ஒண்ணு போட்டுத் தர்றேன். இதைவிட நல்லது."

"நல்லது வேண்டாம் தம்பி. இதே மாதிரி வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பாய் முறைச்சார். ஐயா பையில இருந்து ஒரு நீளநோட்டை எடுத்தார். அட்டை கிழிஞ்ச நோட்டு. அதுல பத்துப் பேர் ஜாதகம், அவங்க அப்பா கையால கணிச்சது. "எனக்கு வாக்கியம்தான். திருக்கணிதம் நான் பார்க்கிறதில்லை. நீ புதுசா எது போட்டாலும் இந்தப் பத்துப் பேர் பிறந்த நேரத்தையும் அதுல போட்டு, நோட்டோட ஒத்துப் பாரு. ஒண்ணு பிசகினாலும் எங்கிட்ட சொல்லு. பத்தும் பார்க்கணும், என்ன?"

சரின்னேன்.

வாக்கியம், திருக்கணிதம் உங்களுக்குத் தெரியும்லண்ணே? சனிப்பெயர்ச்சிக்குக் கோயில்ல ஒரு தேதி சொல்வாங்க, டிவியில வேற தேதி சொல்வாங்களே, அந்தக் கதைதான். வாக்கியம் பழைய காலத்துக் கணக்கு, அப்படியே வர்றது. திருக்கணிதம் வானத்தை அளந்து திருத்தினது. ரெண்டுக்கும் கொஞ்சம் நிமிஷம் முன்னபின்ன இருக்கும். நட்சத்திரத்து நடுவுல பிறந்தவனுக்கு எதுல பார்த்தாலும் ஒண்ணுதான். ஒரு நட்சத்திரம் முடிஞ்சு அடுத்தது தொடங்குற ஓரத்துல பிறந்தவங்கதான் மாட்டுவாங்க.

இதெல்லாம் அன்னைக்கு எனக்குத் தெரியாது. அப்புறம் தெரிஞ்சுக்கிட்டது.

பென்டிரைவ்ல ஏத்தி, போட்டேன். பழசை முழுசா அழிச்சிரவான்னு அதுவே ஒரு தடவை கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கினேன். திரும்பவும் கேட்டுச்சு, அழிச்சா திரும்ப வராதுன்னு. திரும்பவும் ஆமான்னு அமுக்கினேன். எனக்கு ஒரே விஷயத்தை ரெண்டு தடவை கேட்டா பிடிக்காது. முக்கால் மணி நேரத்துல புது சிஸ்டம் ஏறிருச்சு. ஜாதகம் போடுறதுக்கும் ஒண்ணு தேடி இறக்கினேன், தமிழ்லயே அச்சடிச்சுத் தருது. நோட்டைத் திறந்து முதல் ஆளைப் போட்டேன். சோலையப்பன்னு பேர். அனுஷம்னு நோட்டுல இருந்துச்சு. அனுஷம்னு வந்துச்சு. அவ்வளவுதான், நோட்டை மூடிட்டேன்.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ண்ணே. நீங்க சோத்தை எல்லாமா நசுக்கிப் பார்ப்பீங்க?

சாயங்காலம் ஐயா வந்தார். "எல்லாம் சரியா இருக்கா தம்பி?"ன்னார். "சரியா இருக்கு, இது தப்பே பண்ணாது"ன்னேன். அது பொய் இல்லை. பார்த்த ஒண்ணு சரியாத்தான் இருந்துச்சு. பத்தும் பார்த்தியான்னு கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன். கேட்கலை.

அஞ்சு நாள் கழிச்சு அந்தம்மா ஜோசியர் வீட்டுக்குப் போயிருக்கு. இந்திராணி அம்மா, அக்காவுக்குப் பார்த்திருக்கிற அழகர் மச்சானோட அம்மா. முகூர்த்தம் குறிக்கிறதுக்குப் புதுசா ஒரு ஜாதகம் அச்சடிச்சுக் குடுங்கன்னு கேட்டிருக்கு. பழைய காகிதத்துல நிச்சயதார்த்தத்தன்னைக்குச் சந்தனம் கொட்டிப் பாதி எழுத்துப் போயிருச்சு. ஐயாவுக்கு ஒரு பழக்கம், அச்சு வர்றப்பவே மூக்குக்கிட்ட வச்சுச் சத்தமா வாசிப்பார். "நாகஜோதி, கடக ராசி, ஆயில்ய நட்சத்திரம், நாலாம் பாதம்." வாசிச்சு முடிச்சுட்டுத்தான் யார் முன்னாடி வாசிச்சோம்னு அவருக்கு உறைச்சிருக்கு.

நட்சத்திரம் மட்டுமில்லைண்ணே. ராசியே மாறிப்போச்சு. சிம்மம் கடகமாயிருச்சு.

ஆயில்யம் மாமியாருக்கு ஆகாதும்பாங்க. நான் நம்ப மாட்டேன். எங்கூடப் பத்தாவது படிச்ச ஒருத்தனோட அம்மாவுக்கு ஆயில்யம்தான், அவன் அப்பத்தா எண்பது வயசுல இன்னும் அவங்கம்மாகூடச் சண்டை போடுது. ஆனா அந்தம்மா நம்பும். "முன்னாடி மகம்னு இருந்துச்சே"ன்னு மட்டும் கேட்டிருக்கு. ஐயா என்ன சொன்னார்னு நினைக்கிறீங்க? "இது புது மெஷின்மா. தப்பே பண்ணாதுன்னு தம்பி சொன்னான். பழசுதான் தப்பாக் காட்டியிருக்கணும்."

என் வார்த்தையை அப்படியே சொல்லியிருக்கார் மனுஷன்.

காகிதத்தை மடிச்சு இடுப்புல செருகிட்டு வீட்டுக்குப் போயிருக்கு. மகன்கிட்டகூடச் சொல்லலை. பத்து நாள். பதினோராவது நாள் மாடிப்படி ஏறையில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருச்சு. மதுரைக்குக் கொண்டுபோய்ப் படம் பிடிச்சா மூணு அடைப்பு. அடைப்பு என்ன பத்து நாள்லயா வரும்? அஞ்சாறு வருஷமா உள்ள இருந்திருக்குன்னு டாக்டரே சொன்னார். ஆனா கட்டில்ல படுத்துக்கிட்டே அந்தம்மா இடுப்புல இருந்து அந்தக் காகிதத்தை எடுத்து மகன் கையில குடுத்திருக்கு.

மறுநாள் எங்க வீட்டுக்கு விஷயம் வந்துச்சு. எங்க அம்மா பீரோவைக் குடைஞ்சு பழைய ஜாதகத்தை எடுத்து வச்சுக்கிட்டு, "மகம்னுதானே இருக்கு, மகம்னுதானே இருக்கு"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் காட்டுச்சு. எங்க அப்பா, "நம்ம ஏமாத்திட்டோம்னு பேசுறாங்களாம்"னு சொல்லிட்டு வெளிய போனவர் மத்தியானச் சோத்துக்கு வரலை.

எனக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. யாரும் என்னைக் கேட்கலை. நானும் சொல்லலை.

நேரா ஜோசியர் வீட்டுக்குப் போனேன். "ஐயா, ஒரு ஃப்ரீ சர்வீஸ் பாக்கி இருக்கு"ன்னு சொல்லி லேப்டாப்பை வாங்கினேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம், உள்ள பார்த்து, "தம்பிக்கு மோர் கொண்டா"ன்னு குரல் குடுத்தார். நோட்டுல மிச்சம் இருந்த ஒன்பது பேரையும் போட்டேன். மூணு பேர் பிசகினாங்க. ஒன்பதுல மூணு, ஓரத்துல பிறந்தவங்களாப் பார்த்துத்தான் நோட்டுல சேர்த்திருக்காங்க போல. அன்னைக்கே ரெண்டாவது ஆளைப் போட்டிருந்தாப் போதும், அந்த ரெண்டாவது ஆளே பிசகுறார். செட்டிங்ஸ்ல உள்ள போனா ஒரு மூலையில 'வாக்கியம்'னு ஒரு சின்னக் கட்டம் காலியாக் கிடக்கு. டிக் போட்டேன். அக்கா மகமாயிட்டா. சிம்மமாயிட்டா. ஒரு டிக்குண்ணே. மோரைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

ஐயாகிட்ட சொன்னியான்னு கேட்கிறீங்களா? சரியாயிருச்சுல்ல, அப்புறம் எதுக்குச் சொல்லணும்?

இதுக்கு நடுவுல பதினேழு நாள் எத்தனை பேர் வந்து அச்சடிச்சுட்டுப் போனாங்கன்னு தெரியலை. பங்குனி மாசம், கல்யாண சீசன் தொடங்குற நேரம். அவர் வாசல்ல எப்பவும் நாலு செருப்பு கிடக்கும். அதை நான் யோசிக்கிறதில்லை. யோசிச்சா ஒவ்வொரு கல்யாண மண்டப வாசல்லயும் நின்னு பொண்ணு பேரைப் படிக்கணும்.

சரியாயிருச்சுன்னுதான் நினைச்சேன். அழகர் மச்சான் நல்ல மனுஷன், அம்மா மனசைத் தேத்தலாம்னு அவரே ஜோசியர்கிட்டப் போயிருக்கார். "இன்னொரு தடவை போட்டுக் குடுங்க." போட்டார். மகம். மச்சானுக்குத் தலைகால் புரியலை. ஆட்டோவுலயே ஆஸ்பத்திரிக்கு ஓடி, "அம்மா, பாரு, மகம், அன்னைக்கு வந்ததுதான் தப்பு"ன்னு நீட்டியிருக்கார்.

அந்தம்மா ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துச்சாம். ஒரே மெஷின், ஒரே ஆள், ஒரே பிறந்த நேரம். "ஆயில்யம்னு வந்தது தானா வந்தது. மகம்னு வந்தது கேட்டு வந்தது"ன்னுச்சாம். "எவ்வளவு குடுத்தீங்கடா ஜோசியனுக்கு?"

இப்ப நீங்க என்ன நினைக்கிறீங்க, அந்தம்மா கல்யாணத்தை நிறுத்தும்னுதானே? எங்க அம்மாவும் அப்படித்தான் பயந்துச்சு. நிறுத்தியிருந்தா நான் இந்த பஸ்ஸுல வந்திருக்கவே மாட்டேன். ஒரு கல்யாணம் நின்னா நிக்கட்டும், அக்காவுக்கு வேற மாப்பிள்ளையா இல்லை?

அந்தம்மா நிறுத்தலை. மகனைப் பக்கத்துல கூப்பிட்டு, "நீ அந்தப் பொண்ணு மேல உசிரா இருக்க, எனக்குத் தெரியும். ஆயில்யத்துப் பொண்ணை யாருக்குக் குடுப்பாங்க? மாமியா இல்லாத வீட்டுக்குத்தானே தேடிக் குடுப்பாங்க? தாராளமா வரட்டும்"ன்னுச்சாம். சொல்லிட்டுப் பேனாவை எடுத்துத் தலையணைக்கு அடியில வச்சிருக்கு.

மச்சான் அக்காவுக்கு போன்ல இதைச் சொல்லி அழுதார். நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கர்ல போடலை, இருந்தாலும் கேட்டுச்சு. ஒரு ஆம்பிளை அப்படி அழுது நான் கேட்டதில்லை.

ஜோசியரா? அவர் கடையைச் சாத்திட்டார். லேப்டாப்பைச் சாமி அறையில வச்சு விளக்கேத்தியிருக்கார்ண்ணே, நிஜமா. "கிரகமே மாத்தி மாத்திக் காட்டுது, இனிமே நான் யாருக்கும் பார்க்க மாட்டேன்"ங்கிறார். நேத்து நான் போய்க் கேட்டப்ப, விபூதி பூசித்தான் எடுத்துக் குடுத்தார். இந்தா பாருங்க, கீபோர்டு இடுக்குல எல்லாம் விபூதி.

நேத்து மத்தியானம்தான் அக்கா என்னைப் பார்த்துக் கேட்டா. அடுப்பை அணைச்சுட்டுத் திரும்பி நின்னு கேட்டா. "டேய், ஜோசியர் லேப்டாப்பை நீதானே பார்த்த?"

இத்தனை நாள்ல முதல் முதலா ஒருத்தர் கேட்டது அப்பத்தான். கேட்டா, சொன்னேன். ஒண்ணு விடாமச் சொன்னேன். பத்துல ஒண்ணுதான் பார்த்தது, டிக் போட்டது, மோர் குடிச்சது எல்லாம்.

"ஏன்டா இத்தனை நாள் சொல்லலை?"

"நீ கேட்கலையே."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தா. அவ என்னைத் திட்டிப் பார்த்திருக்கேன், விளக்குமாத்தாலகூட அடிச்சிருக்கா. இது வேற மாதிரி. தெரியாத ஆளு வீட்டுக்குள்ள வந்து நின்னா பார்ப்போம்ல, அப்படி.

"நாளைக்கு மதுரைக்குப் போ. லேப்டாப்பைக் கொண்டு போ. அத்தை கட்டில்கிட்ட வச்சு, டிக்கை எடுத்துக் காட்டு, போட்டுக் காட்டு. நான்தான் போட்டேன், நான்தான் சரிபார்க்கலை, காசெல்லாம் யாரும் குடுக்கலை, உங்க மருமகளுக்கு மகம்தான்னு உன் வாயால சொல்லு."

"மச்சான்கிட்ட சொல்லி அவரைச் சொல்லச் சொல்லலாம்ல?"

"மகம்னு காகிதம் கொண்டு போனதே அவர்தான்டா. இனி அவர் என்ன சொன்னாலும், பொண்டாட்டியா வரப்போறவளுக்குப் பேசுறான்னுதான் ஆகும். நான் போனா அவங்களுக்கு மூச்சு வாங்குது. செஞ்சவன் போய்ச் சொல்லணும். அவங்க எனக்காகச் சாகப்போறாங்க, உனக்கு அது மண்டையில ஏறுதா இல்லையா?"

ஏறுச்சுண்ணே. ஏறாம என்ன. ஆனா நான் ஒண்ணு கேட்டேன். நீங்களே சொல்லுங்க, கேட்டது தப்பா? "அக்கா, ரெண்டையும் போட்டுக் காட்டுறேன். அதுல எதுடா நிஜம்னு அவங்க கேட்டா?"

அக்கா அணைச்ச அடுப்பைத் திரும்பப் பத்த வச்சா.

ஏன் கேட்டேன்னா, நான் பார்த்துட்டேன். வானத்துல எந்த நேரத்துல நிலா எங்க நின்னுச்சுன்னு காட்டுற ஆப் ஒண்ணு போன்ல இருக்கு, அதுலயும் போட்டுப் பார்த்தேன், வேற ரெண்டு இடத்துலயும் பார்த்தேன். அளந்த கணக்குல எங்க அக்கா பிறந்தப்ப ஆயில்யம் முடியலை. இன்னும் கொஞ்சம் இருக்கு. பழைய கணக்குல முடிஞ்சுபோச்சு. மெஷின் தப்புப் பண்ணலைண்ணே. நான் சொன்னேன்ல, அது தப்பே பண்ணாது.

"கேட்க மாட்டாங்க"ன்னா அக்கா. பாத்திரத்தை அடுப்புல ஏத்திட்டு, "கேட்டா, மகம்னு சொல்லு. நம்ம வாக்கியம்தான் பார்க்கிறோம், நமக்கு அதுதான் நிஜம். அது பொய் இல்லை"ன்னா. "அது பொய்யாவே இருந்தாலும் சொல்லு"ன்னா.

நான் பொய் சொன்னதில்லையே. முகத்துல தெரிஞ்சுரும். அந்தம்மா என்னையே பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கும். நான் முழிக்கிற முழியைப் பார்த்தாலே, சரி, இதுவும் சொல்லிக்குடுத்து வந்ததுதான்னு பேனாவை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி வச்சுரும். அப்புறம் அதுக்கும் நான்தானே காரணம் ஆவேன்? போகாம இருந்தா அந்தம்மா தானா மனசு மாறி நாளைக்குக் காலையில போட்டாலும் போடும். யார் கண்டா? மூணு அடைப்போட அஞ்சு வருஷம் இருந்த அம்மா.

நீங்க என்ன நட்சத்திரம்ண்ணே? பிறந்த நேரம் தெரியும்னா போட்டுக் காட்டவா? பேட்டரி கொஞ்சம் இருக்கு. வேண்டாமா. அதுவும் சரிதான்.

என்ன சொல்றார் கண்டக்டர்? ஆஸ்பத்திரியா, அதுக்குள்ளயா? வலையங்குளம் தாண்டினதே தெரியலையே.

இல்லைண்ணே, நீங்க எந்திரிக்காதீங்க. உட்காருங்க. முன்னாடி நிக்கிறவங்க இறங்கட்டும், ஒரே கூட்டம். அந்தாளு ஃபிளாஸ்க்கையும் பாயையும் தூக்கிட்டு எப்படி இறங்குறார் பாருங்க. அந்தப் பச்சைக் கண்ணாடிதான், மூணாவது மாடி. உள்ள லைட் எரியுது.

நீங்க சொல்றது சரிதான். இப்ப உங்ககிட்டச் சொன்னதை இப்படியே போய்ச் சொன்னாப் போதும். எவ்வளவு கோர்வையா வந்துச்சு பாருங்க, எனக்கே ஆச்சரியமா இருக்கு. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது, அதான் போல.

விசில் குடுத்துட்டார்.

பரவாயில்லை. மாட்டுத்தாவணியில இருந்து திரும்ப பஸ் இருக்கும்ல? ஆறு மணி வரைக்கும்தான் உள்ள விடுவாங்களாம். இப்ப என்ன, அஞ்சே காலா?

போன் என்னுதுதான்ண்ணே. அக்கா. அடிக்கட்டும். எடுத்தா "இறங்கிட்டியா"ன்னு கேட்பா. கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்.

மத்தியானம் கிளம்புறப்ப தெருமுனை வரைக்கும் பின்னாலயே வந்தா. பையோட வாரைத் தோள்ல சரியா மாட்டிவிட்டா. "வழியில எவன்கிட்டயும் வாயைத் திறக்காத, முனீசு. அங்க போய்த் திற"ன்னுதான் சொல்லிவிட்டா.